முழுக் கிழங்கு

“அம்மா, குழி மூச்சு விடுதுங்க.”

சென்னியப்பன் இதைச் சொன்னபோது தெய்வானை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“உரக்குழின்னா மூச்சு விடத்தான் செய்யும். உள்ளே சூடு இருக்குதில்லீங்களா?”

“சூடு தெரியுமுங்க. இது ஆள் விடற மூச்சுங்க.”

அவருக்கு வயது அறுபத்தொன்று. தெய்வானைக்கு நாற்பதுகூட இல்லை. ஆனாலும் அவர்தான் சீடர். மனசு அடங்க வழி கேட்டு மலையேறி வந்தவருக்கு அவள் மந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. மண்வெட்டியைக் கொடுத்து உரக்குழியைக் காட்டினாள். எட்டு மாதமாக அதைத்தான் கிளறிக்கொண்டிருந்தார். அவர் மனசைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக மக்கியது.

வந்த அன்றே அவர் ஒன்று கேட்டுக்கொண்டார். தன்னை அண்ணா என்று மட்டும் கூப்பிட வேண்டாம்.

“சரிங்கய்யா” என்றாள் தெய்வானை. ஏன் என்று கேட்கவில்லை.

இருவரும் குழிக்குப் போனார்கள். விடிந்து வெகு நேரமாகியும் பனி விலகவில்லை. குழியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. காற்று கிழக்கே போனது. ஆவி மட்டும் மேற்கே, அவர் குடிசைப் பக்கம் போனது.

குழி நடுவில் ஒரு உருளைக்கிழங்குச் செடி, சாண் உயரம்.

“முழுக் கிழங்கு போட்டீங்களா?”

அங்கே இருந்தது ஒரே ஒரு சட்டம். அழுகின கிழங்கானாலும் நறுக்கி, நசுக்கித்தான் குழியில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் மக்காது, முளைக்கும்.

“ஒண்ணே ஒண்ணுதானுங்க.”

“அதை ஏன் நறுக்கலை?”

அவர் செடியைக் காட்டினார்.

“மூணு தடவை புடுங்கிட்டேங்க. மறுபடி மறுபடி வருதுங்க.”

“இனிமேல் புடுங்காதீங்க. மக்கின உரத்தைத் தண்டைச் சுத்திப் போட்டு அணைச்சு விடுங்க.”

அணைத்துவிட்டார். செடி உரத்துக்கு மேல் தலை நீட்டியது. மறுபடி அணைத்தார். மறுபடி நீட்டியது.

ஒவ்வொரு முறை குனியும்போதும் யாரோ “அண்ணா” என்றார்கள்.

முதலில் தெய்வானைதான் என்று நினைத்துக் கோபமாகத் திரும்பினார். அவள் எட்டத்தில் கிணற்றடியில் நின்றாள். அடுத்த நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். பஞ்சு வைத்தபின் இன்னும் தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் மாதம் இலை பழுத்துச் செடி சாய்ந்தது.

“தோண்டுங்க” என்றாள் தெய்வானை.

“வேண்டாங்கம்மா.”

அவளே குழியில் இறங்கி முழங்கை வரை கையை விட்டாள். ஒவ்வொன்றாக ஏழு கிழங்குகள் எடுத்தாள். ஒன்றிலும் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கவில்லை. எல்லாம் இளஞ்சூடாக இருந்தன.

அவர் கையில் கத்தியைக் கொடுத்தாள்.

“அன்னைக்கு நறுக்காததை இன்னைக்கு நறுக்குங்க.”

முதல் கிழங்கில் பாதியில் கத்தி எதிலோ இடித்து நின்றது. அவர் கிழங்கைப் பிட்டார். நடுவில் வெள்ளைச் சட்டைப் பொத்தான். அதில் துளி நீல நூல்.

சென்னியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் போட்டதுதானுங்க. அழுகின கிழங்கைக் கீறி உள்ளே சொருகிப் போட்டேன். அதோட சேர்ந்து இதுவும் ஒழிஞ்சிரும்னு நெனைச்சேன்.”

“யாரோடது?”

“என்ற தம்பி நாச்சிமுத்துதுங்க. பதினோரு வருசமாச்சு. ஆத்தைக் கடக்கறப்ப வெள்ளம் வந்திருச்சு. அவன் வழுக்கிட்டான். சட்டையப் புடிச்சேன். என்னையும் சேர்த்து இழுத்துச்சுங்க. அண்ணா, அண்ணான்னான்.”

கிழங்கிலிருந்து பொத்தானைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்தார்.

“விட்டுட்டேங்க. இந்தப் பொத்தான்தான் கையில நின்னுச்சு.”

“வீட்டுல என்ன சொன்னீங்க?”

“எங்கிட்டச் சண்டை போட்டுட்டுச் சேலம் பஸ் ஏறிட்டான்னு சொன்னேன்.”

“அவர் சம்சாரம்?”

“சரசாள். இன்னும் வாசக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதில்லீங்க. எந்நேரமும் வந்துருவாருன்னு ஒக்காந்திருக்குது.”

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். தெய்வானை தேற்றவில்லை. அழுது முடியும்வரை நின்றாள்.

“மிச்சத்தையும் நறுக்குங்க.”

இரண்டாவது கிழங்கிலும் கத்தி இடித்தது. மூன்றாவதிலும் இடித்தது. ஏழையும் நறுக்கினார். ஏழிலும் பொத்தான், அதே நீல நூலோடு.

“நான் போட்டது ஒண்ணுதானுங்களே!”

“அந்தச் சட்டையில எத்தனை பொத்தான்?”

அவர் விரல்கள் தன் சட்டைக் கழுத்திலிருந்து தடவித் தடவிக் கீழே இறங்கின.

“ஏழுங்க.”

“மத்த ஆறும் எங்கே போச்சு?”

“அவன் மேலேயே இருந்துச்சு. தண்ணியோட போச்சுங்க.”

தெய்வானை பொத்தான்களைத் துடைத்து அவர் துண்டின் முனையில் முடிந்தாள். தோண்டிய இடத்தில் மண் மெல்ல மேலெழுந்தது, தாழ்ந்தது. திரும்பவும் எழுந்தது.

“பொத்தானெல்லாம் வந்திருச்சுங்கண்ணா” என்றாள். “மத்ததும் வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கப் போறீங்களா?”

சென்னியப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“சரசாள் வீட்டுக் கதவு தெறந்துதான் கெடக்குமுங்க. கீழே போற பஸ் அடுத்தது எப்பங்க?”