சுனைக்கு மேலே ஒரு மேடை

தமயந்தி மடத்துக்கு வந்தபோது அவளுக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை.

சுற்றுலாத் துறை அதிகாரி அவள். ஆலடிச்சுனைக்கு மேலே மலைவிளிம்பில் பார்வை மேடை கட்ட வைத்தவள். திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்று காலை ஊர்ப் பெண்கள் மேடைக்குப் போகும் பாதையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முன்பே ஏறிவிட்ட பயணிகள் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றார்கள். அடிவாரத்தில் போலீஸ் ஜீப் நின்றது. இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இழுத்துப்போட ஆள் தயார்.

மடத்துக் குரு வடிவம்மை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தமயந்தியைவிட வயதில் இளையவள். ஆனாலும் குரு குருதான்.

“போலீஸை வரச் சொல்லட்டுமா அம்மா? மேடையை மூடினா என் வேலையே போயிடும்.”

“கட்டுறதுக்கு முன்னாடி ஊர்ல கேட்டீங்களா?”

கேட்காமல் என்ன? ஊரையே கூட்டி, மைக் வைத்துக் கேட்டிருந்தாள். முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து பெண்கள், அந்த இடம் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். காரணம் சொல்லாத ஆட்சேபணையை எந்த ஆபீஸ் ஏற்கும்? சொல்லச் சொல்லத் தமயந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“சுனையில குளிச்சிட்டு வாங்க. சொல்றேன்.”

தலைபோகிற நேரத்தில் குளியல் ஒன்றுதான் குறைச்சல் என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் குரு நீட்டிய மாற்றுச் சேலையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். இடம் பார்க்க வந்தபோதெல்லாம் உச்சி வெயிலில் மேலே நின்று பார்த்ததோடு சரி, சுனைக்கு அவள் வந்ததே இல்லை.

தண்ணீர் தெளிவாக இருந்தது. கரைப்பாறையில் பெண்கள் மஞ்சள் உரசிய தடங்கள் காய்ந்து வெளுத்திருந்தன.

கொசுவத்தில் கை வைத்தாள். மேலே யாரோ சிரித்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். மேடைக் கம்பியோரம் வரிசையாகத் தலைகள். பொழுது போகாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு செல்போன்கள் அவளை நோக்கி நீண்டிருந்தன. எல்லோருக்கும் சுனை நன்றாகத் தெரியட்டும் என்று கம்பியைத் தாழ்வாக வைக்கச் சொன்னவள் அவள்தான்.

உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறி வந்தாள்.

“தலை நனையலையே?”

“மேல ஆளுங்க நிக்கிறாங்கம்மா.”

“குளிக்கணும், திரும்பிக்கோங்கன்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?”

“அதை எப்படிம்மா வாய்விட்டுச் சொல்றது?”

வடிவம்மை அடுத்த கீரைத்தண்டை எடுத்தாள். தமயந்தியின் போன் அடித்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாரு?”

“இன்ஸ்பெக்டர்.”

“எடுத்துப் பேசுங்க. ஏன் குளிக்கலைன்னு அவர்கிட்டச் சொல்லுங்க.”