ஆள்காட்டிக் குருவி சொன்ன தூரம்

குளம் வற்றிப் போனதும், கல்லாத்தா என்ற ஆமையும் சொறியன் என்ற தவளையும் வேறு தண்ணீர் தேடிப் புறப்பட்டன. வழிகாட்ட ஓர் ஆள்காட்டிக் குருவி கூட வந்தது.

"அதோ, அந்த வேலமரத்தைத் தாண்டினால் குளம். பக்கம்தான் அக்கா!" என்றது குருவி.

கல்லாத்தா காலை முழுவதும் நடந்தது. வேலமரம் வந்தது, குளம் வரவில்லை.

"எங்கேடா குளம்?"

"அந்தப் பாறைக்கு அப்பால். பக்கம்தான்!"

பாறையை எட்டுவதற்குள் சுடுமணலில் கல்லாத்தாவின் வயிறு வெந்துவிட்டது. அங்கும் குளம் இல்லை.

"உன் பக்கத்தில் இடி விழ! நீ நாலு தடவை சிறகடித்தால் போதும். நான் எத்தனை தடவை காலெடுத்து வைக்க வேண்டும், தெரியுமா?"

"நான் பொய் சொல்லவில்லையே அக்கா!"

அது பொய் சொல்லவில்லைதான். அதனாலேயே கல்லாத்தாவுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

பாறை நிழலில் ஒதுங்கிய கல்லாத்தா திரும்பிப் பார்த்தது. அருகில் நின்றபோது முள் முள்ளாகத் தெரிந்த வேலமரம், இப்போது வெறும் பச்சைத் திட்டாகத் தெரிந்தது. 'இவ்வளவு நடந்தால் மரம் இப்படித் தெரியும்' என்று மனதில் போட்டுக்கொண்டது.

"இனி எவ்வளவு தூரம்?"

"அதோ, எருமைகள் மேய்கிற இடம். பக்கம்தான்!"

கல்லாத்தா கண்ணை இடுக்கிப் பார்த்தது. எருமைக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை, வெறும் கரும்புள்ளிகள். அங்கே நின்ற மரங்களோ வேலமரத் திட்டில் பாதி அளவுதான் தெரிந்தன.

"வேலமரத்திலிருந்து இங்கே வந்த தூரத்தைப் போல இரண்டு பங்கு இருக்கும். வெயில் தாழட்டும், போகலாம்."

"தண்ணீர் பளபளக்கிறதே! நாலு தாவல்தான்!" என்றது சொறியன்.

"நில்லடா! காய்ந்து போவாய்!"

யார் கேட்டது? சொறியன் தாவிப் போயே விட்டது.

வெயில் தாழ்ந்து கல்லாத்தா கிளம்பியபோது, பாதி வழியில் ஒரு முட்செடியடியில் சொறியன் சருகாய்ச் சுருண்டு கிடந்தது. கண் மட்டும்தான் அசைந்தது.

"அக்கா... வந்துவிட்டோமா?"

"வாயை மூடிக்கொண்டு முதுகில் ஏறு!"

வழி முழுவதும் திட்டிக்கொண்டே அதைச் சுமந்துபோய்க் குளத்தில் தள்ளியது கல்லாத்தா. தள்ளிவிட்டு, அது மூச்சுவிட்டு மேலே வரும்வரை கரையை விட்டு நகரவில்லை.

அடுத்தவர் சொல்லும் தூரம் அவரவர் வேகத்துக்குத்தான் பொருந்தும். நம் வழியை நம் கண்ணால் அளந்த பிறகே நாம் அடியெடுத்து வைக்க வேண்டும்.