பையைக் கேள்

மலையடிவாரத்தில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் முப்பிடாதியின் ஓட்டு வீடு இருந்தது. மலை ஏறவும், வழியில் விழுந்தவரைத் தூக்கி வரவும் அவள் கற்றுக்கொடுத்தாள். அதற்கு மேல் எதையும் கற்றுக்கொடுப்பதாக அவள் சொன்னதில்லை. வயது முப்பத்தைந்துதான் இருக்கும். ஆனாலும் வந்தவர்கள், தலை நரைத்தவர்கள் உட்பட, அவளை ஆசான் என்றே கூப்பிட்டார்கள்.

ஆடி அமாவாசைக்கு மலைமேல் அய்யன் கோயிலுக்குக் கூட்டம் ஏறும். பாசி படர்ந்த பாறை, குளிர்ந்த சாரல், சொல்லாமல் பெருகும் ஓடை. கூட்டத்தோடு ஆசானின் ஆட்களும் இரண்டிரண்டு பேராக ஏறுவார்கள். மற்றவர்கள் அடிவாரத்தில் மோர்ப்பந்தலில் நிற்பார்கள். யார் மேலே, யார் பந்தலில் என்பதை ஆசான்தான் சொல்வாள்.

திரவியத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். போன வருஷம்தான் ஆசானிடம் வந்து சேர்ந்தார். புது ஆள் என்பதால் பந்தலில் நிறுத்தினார்கள். நாள் முழுக்க மோர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே மலையைப் பார்த்தார். இந்த வருஷம் மேலே போயாக வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

அவருக்கு மூச்சிளைப்பு உண்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பில் மற்றப் பையன்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்குக் காவல் இருந்தவர் அவர். பிறகு வீட்டிலும் அப்படித்தான். அரிசி மூட்டை வந்தால் மச்சினன் தூக்குவான், இவர் கதவைப் பிடித்துக்கொள்வார். ஐம்பது வயது வரை எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நாளாவது அவர் யாரையாவது பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டார்.

இங்கே யாருக்கும் இளைப்பு விஷயம் தெரியாது. போன வருஷம் முழங்கால் வலி என்ற ஒருவர் அவரோடு பந்தலில் நின்றிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து திரவியம் வாயைத் திறக்கவில்லை. பயிற்சிக்கு நடக்கும்போது நெஞ்சு அடைத்தால், ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு பாறைக்குப் பின்னால் போவார். இன்ஹேலரை இழுத்துவிட்டு, பேன்ட் பட்டையைச் சரிசெய்கிற பாவனையில் திரும்பி வருவார்.

அவருக்குச் சோடியாக நடந்தவள் சுயம்புக்கனி. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. வாய் சும்மா இருக்காது. இவ்வளவு ஒதுங்குகிற ஆளை இந்த மலை கண்டதில்லை, பார்லித் தண்ணி குடியுங்கள் அண்ணாச்சி என்பாள். திரவியம் சிரித்து வைப்பார். ஆசான் எப்போதும் கடைசி ஆளாக நடப்பாள். அவள் ஒன்றும் கேட்டதில்லை.

அமாவாசைக்கு முந்திய வாரம் ஒரு பிற்பகலில், திரவியம் இரண்டு பெரிய பைகளோடு வந்தார். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. இரண்டும் பட்டாளத்துக்காரர் முதுகில் போடுகிற மாதிரிப் பைகள். ஆசான் முற்றத்தில் கயிற்றை நீவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கனி எதிரே உட்கார்ந்து கட்டுத்துணி கிழித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்று ஆசான்தான் சொல்ல வேண்டும் என்றார் திரவியம். ஒரு மாதமாக இதே வேலையாக இருந்ததால் அவரிடம் சொல்ல நிறைய இருந்தது. கறுப்புப் பையின் வாயைச் சுருட்டி மூடினால் ஆற்றில் விழுந்தாலும் உள்ளே நனையாது. ஆனால் அறைகள் குறைவு. பச்சைப் பை ஆயிரம் டெனியர் நைலான், முள்ளில் இழுத்தாலும் கிழியாது. சுற்றிலும் பட்டை தைத்திருப்பதால் கூடுதலாகச் சின்னப் பைகளை மாட்டிக்கொள்ளலாம். பாரம் தோளில் இறங்காமல் இடுப்பில் உட்காரும். மார்புப் பட்டையின் கொக்கியிலேயே ஒரு விசில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது ஊதியும் காட்டினார். தெருவில் போன ஆடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது.

“அண்ணாச்சி கோயிலுக்குப் போறியளா, எல்லைக்குப் போறியளா?” என்றாள் கனி.

ஆசான் பச்சைப் பையை மடியில் வைத்துப் புரட்டினாள். ஜிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

“இதுக்குள்ள யாரு யாரு கையை விடுவா?” என்று கேட்டாள்.

“நான்தான் ஆசான்.”

“வேற யாரும்?”

“என் பைக்குள்ள வேற யாரு கையை விடணும்? அந்தப் பயமே வேண்டாம். நம்பர் பூட்டு இருக்கு.” திரவியம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை எடுத்துக் காட்டினார்.

ஆசான் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அமாவாசைக்கு எப்படிக் கொண்டு போவீர்களோ அப்படியே இதைக் கட்டிக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்றாள். கறுப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாததால், பச்சை தேறிவிட்டது என்று திரவியம் எடுத்துக்கொண்டார்.

கடையை மூடிவிட்டு உட்கார்ந்து கட்டினார். எது எதற்கு அடியில் என்று யோசித்து யோசித்து, எடுத்தும் வைத்தும் மறுபடி எடுத்தும் கட்டினார். இன்ஹேலரை எங்கே வைப்பது என்பதில்தான் நேரம் போனது. சட்டைப் பையில் வைத்தால் துருத்தித் தெரியும். வெளி அறையில் வைத்தால் யாராவது பஞ்சு தேடும்போது கையில் சிக்கும். கடைசியில், முதுகு படும் மெத்தைக்குப் பின்னால், தையலோடு தையலாக ஓடிய ஒரு ஜிப்பைக் கண்டுபிடித்தார். அதற்குள் வைத்து மூடி, தடவிப் பார்த்தார். இருப்பதே தெரியவில்லை. அப்போதுதான் பை முழுசாகக் கட்டி முடிந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாரல் விட்டு விட்டு விழுந்தது. அதே முற்றம், ஓரத்தில் அதே கயிற்றுச் சுருள். கனியும் தன் பையோடு வந்திருந்தாள். ஆசான் திரவியத்தின் பையை வாங்கித் தரையில் வைத்தாள். பூட்டை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு ஒரு சாக்கை விரித்தாள்.

“படுங்க அண்ணாச்சி.”

திரவியம் படுத்தார்.

“நீங்க விழுந்துட்டீங்க. கண்ணு மூடியிருக்கு. பேச்சு வரலை. நான் சொல்லுத வரைக்கும் வாயைத் திறக்கப்படாது.” ஆசான் கனியின் பக்கம் திரும்பினாள். “நீதான் கூடப் போனவ. இவருக்கு வேண்டியதை எடு.”

“இவருக்கு என்ன ஆச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லை.”

“அப்ப யாரைக் கேக்க?”

“பையைக் கேளு.”

திரவியம் கண்ணை மூடிக்கொண்டார். முதல் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

கனிக்கு முதலில் கொண்டாட்டமாக இருந்தது. கையில் வருவதையெல்லாம் சத்தமாகச் சொன்னாள். தீ மூட்டுகிற கல். திசை காட்டி. மடக்கு மண்வெட்டி. யாரைப் புதைக்க இது என்று அவளே கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். தண்ணீரில் போடும் மாத்திரை. முகம் பார்க்கும் கண்ணாடி, வெளிச்சத்தைத் திருப்பி அடையாளம் காட்டுவதற்கு என்று திரவியம் வாங்கியது. மாப்பிள்ளைக்குக் கண்ணாடி கேக்குதோ என்றாள். சுளுக்குக்குச் சுற்றும் பட்டி, பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. காய்ச்சல் மாத்திரை, பேதி மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம். வழி தவறிய பிள்ளைக்கு மிட்டாய்.

சாக்கின் வழியாக ஈரம் முதுகில் ஏறியது. திரவியம் அவள் கைபோகும் திசையைச் சத்தத்தை வைத்தே பின்தொடர்ந்தார். வலது பக்க அறை. மேல் மூடி. அடியறை. பிறகு பையைப் புரட்டிப் போட்டாள். அவள் உள்ளங்கை முதுகு மெத்தையின் மேல் உரசி இறங்குவது கேட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கை தையலைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை.

தப்பித்தோம் என்று நினைத்தார்.

கனி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை எதன் பெயரையும் சொல்லவில்லை. ஜிப்புகள் மட்டும் திறந்தன, மூடின. சில ஜிப்புகளை ஏற்கெனவே திறந்தோமா என்று தெரியாமல் திரும்பத் திறந்தாள். பொருள்கள் தரையில் விழுந்தன.

“ஆசான்,” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. “இவ்வளவு இருக்கு. எல்லாம் அடுத்தவங்களுக்குத்தான் இருக்கு. இவருக்குன்னு ஒண்ணும் காணோம்.”

“தேடு.”

“இவருக்கு என்னன்னே தெரியாமத் தேடுதேன்.”

“ஆமா.”

மூச்சைப் பிடித்திருந்ததாலா, ஈரத்தாலா, கயிறு கொட்டிய தூசியாலா தெரியவில்லை. திரவியத்தின் நெஞ்சுக்குள் மெல்லிய சீழ்க்கை ஆரம்பித்தது. அவருக்கு மட்டும் கேட்கிற அளவில்தான் முதலில் இருந்தது. அதை அடக்கப் பார்த்தார். மல்லாந்து படுத்திருந்ததால் அடங்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண் மண்டியிட்டு அவருக்காகத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கை இரண்டு முறை அதன் மேலேயே போய் வந்துவிட்டது. மூன்றாவது முறையும் போனது. முதல் முறை கிடைத்த நிம்மதி இப்போது வரவில்லை. அந்த இடத்தில் வேறு ஏதோ சில்லென்று இருந்தது.

தலைமாட்டில் ஆசான் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும்.

கனிதான் நிறுத்தினாள். தனக்குத் தெரியவில்லை என்றாள். அழுகிற குரல் மாதிரி இருந்தது.

திரவியம் எழுந்து உட்கார்ந்தார். பேசலாம் என்று ஆசான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவரும் பேசவில்லை. பையைத் தன் பக்கம் இழுத்தார். பார்க்காமலே விரல் தையலுக்குப் போனது. இன்ஹேலரை எடுத்து, குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, இழுத்து அடக்கினார். பாறைக்குப் பின்னால் இல்லாமல், இருவருக்கும் முன்னால், முற்றத்தின் நடுவில் வைத்து இழுத்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

கனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்லித் தண்ணி என்று தொடங்கினாள், முடிக்கவில்லை.

“சின்ன வயசிலிருந்தே இருக்கு,” என்றார் திரவியம். “சொன்னா மோர்ப்பந்தலுக்கு அனுப்பிருவீங்கன்னு நினைச்சேன். போன வருஷம் முழங்கால்காரரை அனுப்பினீங்களே.”

“நான் அனுப்பலை. எந்த இடத்துல நிக்கீங்கன்னு கேட்டேன். பந்தல்னு அவர்தான் சொன்னார்.”

சாரல் மறுபடி விழுந்தது. தரையில் கிடந்த சாமான்களை யாரும் எடுக்கவில்லை. திரவியம் இன்ஹேலரைக் கைக்குள் வைத்து மூடியபடி இருந்தார். எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று தன்னை அவள் இன்னும் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அவரே கேட்டார்.

“நான் மேல வரலாமா ஆசான்?”

ஆசான் அவரைப் பார்த்தாள். பிறகு கனியைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி பையை நீ கட்டு. உன் பையை அவர் கட்டட்டும். கட்டி முடிச்சதும் ரெண்டு பேரும் வாங்க, சொல்லுதேன்.”

திரவியம் பச்சைப் பையைக் கனியின் பக்கம் தள்ளினார். அவள் அதை எடுக்கவில்லை. “என் பையையா?” என்றாள். அவள் பக்கத்தில் கிடந்த தன் துணிப்பையை மெதுவாக மடிக்கு இழுத்து, அதன் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசான் சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“அவசரம் இல்லை,” என்றாள். “அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கு.”