ஏழாவது மேட்டுக் கூவு

ஒரு ஊர்ல ஒரு மேட்டுக்கு ஒரு வீடு. அப்படி ஏழு மேடு, ஏழே ஏழு வீடு. மேகம் உக்காந்து இளைப்பாறிட்டுப் போற உசரத்துல இருந்துச்சு அந்த ஊரு. பேரே ஏழுமேடுதான். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல பெரும் பள்ளம், கிடங்குன்னு சொல்வாங்க. எட்டிப் பார்த்தா, பெரிய பெரிய மரமெல்லாம் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரியும். அவ்ளோ ஆழம். "ம்" சொல்லு, சொன்னாத்தான் கதை நடக்கும்.

"ம்."

அந்த ஊருக்கு மஞ்சு வரும். மஞ்சுன்னா மலைமேல இறங்குற மேகம். இப்பத்தான் வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும், தண்ணி குடிச்சுட்டுத் திரும்பினா எல்லாமே வெள்ளை. நீட்டின கை தெரியாது. அதனால அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு பாறை உண்டு, கூவுபாறைன்னு பேரு. மேய்க்கப் போனவங்க, விறகுக்குப் போனவங்க மஞ்சுல மாட்டிக்கிட்டா, வீட்ல இருக்கறவங்க அதுமேல ஏறிக் கூவணும். ஒரு வீட்டுக் கூவு மாதிரி இன்னொரு வீட்டுக் கூவு இருக்காது. ஒரு வீடு "குக்கு... குக்கூ"ன்னு. ஒரு வீடு "ஏலே... லே"ன்னு. ஏழாவது மேட்டு வீட்டுக்கு "ஓ... ஓ... ஊய்". ரெண்டு நீளம், ஒரு வெட்டு. மஞ்சுக்குள்ள இருக்கறவங்க தன் வீட்டுக் கூவைப் பிடிச்சுக்கிட்டே மெல்ல மெல்ல நடந்து வாசலுக்கு வந்துருவாங்க. கயித்தைப் பிடிச்சு வர்ற மாதிரி.

ஒருத்தர் வீட்டுக் கூவை இன்னொருத்தர் கூவவே கூடாது. ஏன் சொல்லு?

"ஏன்?"

தப்பான மேட்டுலருந்து கூவினா அந்த மேட்டைப் பார்த்துல்ல நடப்பாங்க? நடுவுல கிடங்கு வாயைத் திறந்துக்கிட்டு இருக்கே. அதான்.

அப்புறம், அந்த ஏழாவது மேட்டு வீட்டுக்குக் கீழ்நாட்டுலருந்து ஒரு பொண்ணு வாக்கப்பட்டு வந்தா. அன்னக்கொடின்னு பேரு. சின்னதுல அவ கம்பங்காட்டுல பரண்மேல நின்னு கிளி விரட்டுவா. "ஆயலோ..."ன்னு ஒரு சத்தம் போட்டா நாலு காட்டுக் கிளியும் பறந்துரும். ஆனா பெரியவளானதும் அவ அம்மா, "பொம்பளப் புள்ள சத்தம் வாசப்படி தாண்டக் கூடாது"ன்னு சொல்லிட்டா. அன்னைக்கு அடங்கின தொண்டை, அப்படியே அடங்கிப் போச்சு. பேசினா பக்கத்துல இருக்கறவங்களுக்கே பாதிதான் கேக்கும்.

அந்த வீட்ல மூணே பேரு. அவ, அவ புருஷன் சடையன், சடையனோட தங்கச்சி வீராயி. வீராயிக்கும் அவளுக்கும் ஒரே வயசு. ஆனா வீராயி வாய் இருக்கே, அது ரெண்டு மேடு தாண்டும்.

"மதினி, எங்க வீட்டுக்கு வந்துட்டு கூவத் தெரியலைன்னா எப்படி? வா, யாருக்கும் கேக்காத இடமாக் கூட்டிட்டுப் போறேன்"னா வீராயி.

அப்போ முதல்ல அருவிக்குப் போனாங்க. ஹோ...ன்னு ஒரே இரைச்சல். ஆகாசத்துலருந்து யாரோ மாவைச் சலிச்சுக் கொட்டுற மாதிரி தண்ணி விழுது. கீழ எழும்புற புகைக்குள்ள குட்டியா ஒரு வானவில். அன்னக்கொடி கையை நீட்டினா, வானவில் அவ வளையல்மேல வந்து உக்காந்துச்சு. அவளுக்கு மூச்சே நின்னு போச்சு.

"பார்த்தது போதும், கூவு."

அவ வாயைத் திறந்தா. "ஊய்..."

"எலிக்குச் சளி பிடிச்சாக்கூட இதைவிட நல்லாக் கூவும், மதினி"ன்னா வீராயி. ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு நனைஞ்சாங்க.

அப்புறம் தேன்பாறைக்குப் போனாங்க. செங்குத்தா ஒரு பாறை. அதுல முறம் முறமா தேன்கூடு தொங்குது. அந்தப் பக்கமா ஒரு பருந்து வந்துச்சு. உடனே கூட்டுல இருக்கற அத்தனை தேனீயும் ஒண்ணா உடம்பை அசைக்குது. சர்ர்ர்ருன்னு ஒரு அலை, மேலருந்து கீழ, மறுபடி மேலருந்து கீழ. பாறையே மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. பருந்து பயந்து திரும்பிப் போயிருச்சு.

"இங்க கூவட்டுமா?"ன்னு கேட்டா அன்னக்கொடி, மெதுவா.

"அம்மா தாயே, இங்க மட்டும் வேணாம். நல்ல இடமாப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வருது"ன்னு வீராயி அவளை இழுத்துக்கிட்டு ஓடினா. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்புறம் மூணாவதா, இன்னொரு நாள் மலை உச்சிக்கு. விடியுற நேரம். மேல ஏறி நின்னா, கீழ ஊரைக் காணோம், காட்டைக் காணோம். வெள்ளைக் கடல். மேகமெல்லாம் காலுக்குக் கீழ. அங்கொண்ணும் இங்கொண்ணுமா மலை உச்சிங்க மட்டும் எருமை முதுகு மாதிரி மிதக்குது. வுஷ்... வுஷ்... வுஷ்...னு தலைக்கு மேல என்னமோ போச்சு. இருவாச்சிப் பறவை ரெண்டு. அதோட இறக்கைச் சத்தமே அவ்ளோ. திடீர்னு மேகத்துல ஒரு ஓட்டை விழுந்துச்சு. அதுக்குள்ள, ரொம்ப ரொம்பக் கீழ, பொட்டு மாதிரி மின்னுச்சு அவ பொறந்த ஊர்க் கம்மாய். அன்னக்கொடி வாயைத் திறந்தா. சத்தம் வரலை. கண்ணீர்தான் வந்துச்சு.

இந்தத் தடவை வீராயி கேலி பண்ணலை. "சரி விடு மதினி. நான் இருக்கேன்ல, உனக்கும் சேர்த்து நான் கூவிக்கிறேன்"னா.

இப்படி இருக்கும்போது, ஒரு நாள் சடையன் மலைவாழைத் தாரைத் தூக்கிக்கிட்டுக் கீழ சந்தைக்குப் போயிட்டான். மதியம் எருமைக் கன்னைக் காணோம். "இப்ப வந்துர்றேன்"னு வீராயி சரிவுல ஏறிப் போனா. போனவ தலை மறையறதுக்கும் மஞ்சு இறங்குறதுக்கும் சரியா இருந்துச்சு. எல்லாம் வெள்ளை. எல்லா வீட்லயும் கூவ ஆரம்பிச்சாங்க. குக்கு குக்கூ... ஏலே லே... ஒவ்வொருத்தரா வீடு வந்து சேர்ந்தாங்க.

ஏழாவது மேட்டுல மட்டும் சத்தமே இல்ல.

எதிர் மேட்டுலருந்து கொண்டம்மாங்கிற அக்கா கத்தினா: "ஏழாவது வீடு, யாரு வெளிய?"

அன்னக்கொடி பதில் சொன்னா. யாருக்கும் கேக்கலை. ஓடிப்போய் பித்தளைத் தட்டை எடுத்துத் தட்டினா. டங் டங் டங். அந்தச் சத்தம் இந்தப் பாறையில இடிச்சு, அந்தப் பாறையில இடிச்சு, எட்டுத் திசையிலருந்தும் டங் டங்னு வருது. எது வீடுன்னு எப்படித் தெரியும்? தட்டைக் கீழ போட்டுட்டா.

கொண்டம்மாவுக்குப் புரிஞ்சு போச்சு. "வீராயி வெளிய இருக்கா. எல்லாரும் வாயை மூடுங்க. அந்தப் புள்ள கூவப் போகுது"ன்னா.

அப்போ, ஆறு வீடும் அடங்கிருச்சு. நாய் வாயைக் கையால பொத்திக்கிட்டாங்க. அழுத குழந்தைக்குப் பால் கொடுத்தாங்க. உலக்கை நின்னுச்சு. மலை மொத்தமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவ ஒருத்தி வாயைப் பார்க்குது. அவளோ வீட்டுக்குள்ளயே சத்தமாப் பேசாதவ.

கூவுபாறை மேல ஏறினா. முதல் தடவை, "ஓ..." வாசல்லயே விழுந்துருச்சு. ரெண்டாவது தடவை, "ஓ... ஓ..." பாதியில உடைஞ்சு போச்சு, சேவக்குஞ்சு கூவுற மாதிரி. எங்கயோ மேல ஒரு கல்லு உருண்டுச்சு. கடகடகட... அப்புறம் அது விழுந்த சத்தமே கேக்கலை.

அன்னக்கொடி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. மூடினதும் தெரிஞ்சுது அவ கம்பங்காடு. அவ பரண். பச்சைப் பசேல்னு வந்து இறங்குது கிளிக் கூட்டம். விட்டா ஒரு கதிர் மிஞ்சாது. ரெண்டு கையையும் வாய்கிட்ட குவிச்சா.

"ஓ... ஓ... ஆயலோ... ஓ..."

ஐயோ, தப்பாக் கூவிட்டா. ஊய்னு வெட்டணும்ல? வெட்டவே இல்ல. அது பாட்டுக்குப் போகுது. மஞ்சைக் கிழிச்சுக்கிட்டு, தேன்பாறையில பட்டு, அருவியில பட்டு, உச்சியில பட்டு, ஆயலோ... ஆயலோ...ன்னு ஏழு மலையும் வாங்கி வாங்கித் திருப்பிச் சொல்லுது. இது நம்ம தொண்டையா இல்ல மலையோட தொண்டையான்னு அவளே மலைச்சு நின்னுட்டா.

அப்புறம் அமைதி. சொட்டு... சொட்டு... இலையிலருந்து தண்ணி விழற சத்தம் மட்டும்.

"ம்? வந்தாளா?"

பொறு. ரொம்பத் தூரத்துலருந்து ஒரு குரல். "ஊ...ய்."

அன்னக்கொடி விடலை. மறுபடி கூவினா. மறுபடி. ஒவ்வொரு தடவைக்கும் அந்தக் குரல் கொஞ்சம் கிட்ட. அப்புறம் கன்னுக்குட்டி மணி, கிணி கிணி கிணி. அப்புறம் முள்ளுல கிழிஞ்ச சேலை. அப்புறம் வீராயி. வந்தவ பாறைமேலயே தொப்புனு உக்காந்தா.

"தட்டுச் சத்தம் கேட்டுச்சு, எந்தப் பக்கம்னு தெரியலை. எடுத்து வச்ச காலுக்கு அடியில கல்லு போச்சு, மதினி. அந்த ஒரு கல்லுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. அப்பத்தான் நீ கூவின."

"எதிரொலி அத்தனை பக்கமும் கேட்டிருக்குமே. அதுவும் நான் தப்பால்ல கூவினேன்?"

"எதிரொலி பின்னாலதான வருது? முதல்ல வந்தது நீ. ஆயலோன்னு ஒரு கூவு இந்த மலையில யாருக்கு இருக்கு? நீ கிளி விரட்டின கதையைச் சொல்லியிருக்கேல்ல? இங்க யாரு பரண் கட்டினா? கேட்ட உடனே தெரிஞ்சுது, இது நம்ம மதினிதான், இது நம்ம வீடுதான்னு." அப்படின்னுட்டு மூச்சு வாங்கினா. "ஆனா ஒண்ணு, என்னையும் கிளின்னு நினைச்சுத்தான விரட்டின?"

அன்னக்கொடி அவளைக் கட்டிக்கிட்டு அழுதா, சிரிச்சா. அப்போ எதிர் மேட்டுலருந்து கொண்டம்மா தன் வீட்டுக் கூவைக் கூவினா, உங்க ஆளு வந்துட்டாங்களான்னு கேக்குற மாதிரி. அன்னக்கொடி திருப்பிக் கூவினா, வந்துட்டான்னு. ஒவ்வொரு வீடா ஆறு வீடும் கூவ, மஞ்சு மெல்ல விலக, ஏழு மேட்டு மேலயும் சாயங்கால வெயில் தேன் மாதிரி வழிஞ்சுது.

அன்னைக்கிலருந்து ஏழாவது மேட்டுக் கூவு மாறிப் போச்சு. ஊய்னு யாரும் வெட்டுறது இல்ல. சடையன் சந்தையிலருந்து வந்தாலும் அதே கூவைத்தான் காதுல பிடிச்சுக்கிட்டு வருவான்.

"ஓ... ஓ... ஆயலோ..."

அட, நீயும் கூவுறியா? மெதுவா, மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

சரி, கேக்கட்டும். போனவங்க எல்லாரும் வீடு வந்தாச்சு, கன்னுக்குட்டியும் கட்டியாச்சு, கதையும் வாசல் வந்து சேர்ந்தாச்சு. இனி நீ மட்டும்தான் பாக்கி. கண்ணை மூடு, தூக்கம் கூவுது பாரு.