சேறு பூசிய செம்புண்

மேலேரியில் கருவாச்சி என்றொரு தாய் விரால் இருந்தது. அதன் செந்நிறக் குஞ்சுகள் தாயை விட்டு ஒரு நொடியும் நகராது. கோடையில் மேலேரி காய்ந்துவிடும், கீழேரி வற்றாது. மழைக்காலத்தில் மேலேரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலிங்கு வழியாகக் கீழேரிக்கு வழியும்போதே குஞ்சுகளைக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது.

கலிங்கில் கல்லன் என்ற நண்டு காவல் இருந்தது. இறங்குகிறவர்கள் அதனிடம் உடம்பைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த ஐப்பசியில் கருவாச்சியின் விலாவில் ஒரு செம்புண் வந்தது. மிளகளவுதான், ஆனால் ஒட்டுகிற நோய். காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்களே, குஞ்சுகளின் கதி என்ன? புண்ணின் மேல் சேற்றை அப்பிக்கொண்டு கலிங்குக்குப் போனது.

“என்ன ஆத்தா, உடம்பெல்லாம் சேறு?” என்றது கல்லன்.

“விரால் சேத்துல பொரளாம வேற எங்கப்பா பொரளும்?”

கல்லன் சிரித்துக்கொண்டே வழிவிட்டது.

கீழேரியில் வெள்ளச்சி என்ற கெண்டை எதிர்கொண்டு அழைத்தது. பாசி அடர்ந்த மூலையைக் குஞ்சுகளுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. “இனிமே இதுங்களும் எம் புள்ளைங்கதாங்க்கா” என்றது. கருவாச்சியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்கழிக் குளிரில் நோய் தலைதூக்கியது. முதலில் விரால் குஞ்சுகள் போயின. பிறகு வெள்ளச்சியின் பிள்ளைகள். பாவம், யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத ஜீவன்கள், வயிறு மேலாக மிதந்தன.

கருவாச்சிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “நான்தான் வெள்ளச்சி கொண்டாந்தேன். மறைச்சுட்டேன். சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?”

வெள்ளச்சியின் உடம்பிலும் புண் வந்திருந்தது. அது மெல்லத்தான் பேசியது.

“தெக்குக் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு மடு இருக்குதுக்கா. அந்தத் தண்ணி இந்தத் தண்ணியோட கலக்காது. செம்புண்ணோட வர்றவங்களைக் கல்லன் தனி வாய்க்கால்ல அங்கதான் அனுப்பும். எங்கம்மா அதுல கெடந்துதான் பொழைச்சா. கல்லன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, ஒங்களையும் புள்ளைங்களையும் அங்க வெச்சுப் பாத்திருப்போம்.”

கருவாச்சி தெற்குக் கரைக்கு நீந்திப் போய்த் தலையை உயர்த்திப் பார்த்தது. மடுவில் தெளிந்த தண்ணீர் நிறைந்திருந்தது. தாமரைத் தண்டுகளுக்கு நடுவே இடம் காலியாகக் கிடந்தது. குஞ்சுகளுக்குக் காட்டப் பழக்கத்தில் திரும்பியது. பின்னால் ஒன்றும் இல்லை.

நோய் வருவது யாருடைய குற்றமும் அல்ல. வந்ததை மறைப்பதுதான் நம் வீட்டோடு நமக்கு இடம் கொடுத்தவர் வீட்டையும் அழிக்கிறது.