வழியனுப்ப வந்த மழவராயர்

செம்பறை நாட்டுக்கும் நெடுவயல் நாட்டுக்கும் அன்றைக்கு என்ன உறவு என்பதை ஓலையின் முதல் வரியிலேயே தெரிந்துகொள்ளலாம். தை மாதத்து ஓலை ‘அன்பிற்கினிய மைத்துனருக்கு’ என்று தொடங்கும். மாசி ஓலை ‘எல்லைத் திருடனுக்கு’ என்று தொடங்கும். பங்குனியில் மறுபடியும் மைத்துனர். இரண்டு அரசர்களுக்கும் இதில் அலுப்பே தட்டவில்லை.

சித்திரையில் சண்டை ஆமைக்குன்றுக்காக வந்தது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் கிடந்த அந்த மொட்டைப் பாறையில் ஒரு சுனை உண்டு. செம்பறையின் ஐந்து ஊர் வயல்களுக்கு அதுதான் தண்ணீர். ‘குன்று முழுக்க நமது. அந்தப் பக்க அடிவாரம் வரை நமது’ என்று நெடுவயல் அரசர் மழவராயர் பறை அறைவித்துவிட்டார்.

செம்பறை ராஜா முத்துவிசய பூபதி, தம் சபையில் வாய்ச்சாலகரான குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டார்.

“நீர் தூது போம். குன்றோடு வந்தால் சரி. வெறுங்கையோடு வந்தால் போர். முதல் யானைமேல் நீர்தான்.”

குற்றாலிங்கத்துக்கு யானை என்றாலே பயம். “உத்தரவு” என்று சொல்லிவிட்டு, யானைக் கொட்டில் இல்லாத வாசல் வழியாகப் புறப்பட்டார்.

நெடுவயலில் மழவராயர் நாலு பண்டிதர்களோடும் ஒரு மூட்டை செப்பேடுகளோடும் வாதத்துக்குத் தயாராக இருந்தார். குற்றாலிங்கமோ குன்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்று நாள் விருந்து சாப்பிட்டார். மோர்க்குழம்பைப் பாராட்டினார். நாலாம் நாள் உச்சிவேளையில் விடை கேட்டார்.

விருந்தாளியை அரசரே வெறுங்காலோடு நடந்து எல்லை வரை கொண்டுபோய் விட்டு, எல்லையில் நின்று தாம்பூலம் கொடுக்க வேண்டும். கொடுத்த இடத்தை ஓலையில் எழுதி முத்திரை வைக்க வேண்டும். இதில் தவறியவன் அரசனே அல்ல. இரண்டு நாடுகளும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

நடந்தார்கள். குன்றின் இந்தப் பக்க அடிவாரத்துப் புளியமரம் வந்தது. மழவராயர் வழக்கம்போல அங்கே நின்று தாம்பூலத் தட்டுக்குக் கை நீட்டினார்.

“இங்கேயா, மகாராஜா?” என்றார் குற்றாலிங்கம். “அந்தப் பக்க அடிவாரம் வரை தங்கள் மண் ஆயிற்றே. பாதி வழியில் அனுப்பினால் தங்களைத்தான் நாலு பேர் குறை சொல்வார்கள்.”

மழவராயர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினார். வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பத்தாவது படியில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினார். மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட நடந்த குற்றாலிங்கத்துக்கும் உள்ளங்கால் வெந்தது. யானையை நினைத்துக்கொண்டு புன்னகைத்தார்.

“இன்னும் எவ்வளவு தூரமய்யா?”

“ஏற முந்நூறு படி. இறங்க முந்நூறு.”

“போதும்! இதுதான் எல்லை. பிடியும் தாம்பூலத்தை!”

“ஆகட்டும், மகாராஜா. ஆனால் இங்கே ஓலை எழுதி முடிய நேரமாகுமே. பத்துப் படி இறங்கினால் புளியமர நிழல் இருக்கிறது.”

மழவராயர் பத்துப் படியையும் ஓடியே இறங்கினார். நிழலில் நின்று தாம்பூலம் கொடுத்தார். ‘நம் எல்லையாகிய புளியமரத்தடியில்’ என்று எழுத்தர் எழுதிய ஓலையில் தம் கையாலேயே முத்திரை வைத்தார்.

ஓலையைப் படித்த முத்துவிசய பூபதி வயிறு குலுங்கச் சிரித்தார். ஐந்து ஊர் வயலும் பிழைத்தது. குற்றாலிங்கத்துக்குப் பத்து மா நஞ்சை நிலமும், கேட்டதன் பேரில் கால் புண்ணுக்கு விளக்கெண்ணெயும் கிடைத்தன.

எட்டாம் நாள் நெடுவயலிலிருந்து ஓலை வந்தது. “அன்பிற்கினிய மைத்துனருக்கு. அக்கினி நட்சத்திரத்தில் தங்கள் அரண்மனைக்கு விருந்துக்கு வருகிறேன். திரும்பும்போது தாங்கள் தங்கள் எல்லை வரை வந்து வழியனுப்புவீர்கள் அல்லவா?”

ராஜாவின் சிரிப்பு நின்றது. “எல்லை என்றால்...?”

“குன்று முழுக்க இப்போது நம்முடையது, மகாராஜா. ஏற முந்நூறு. இறங்க முந்நூறு.”

ராஜா குனிந்து தம் பாதங்களைப் பார்த்தார்.

“குற்றாலிங்கம், மைத்துனரை நாம் ஏன் அனுப்ப வேண்டும்? இங்கேயே இருந்துவிடச் சொன்னால் என்ன?”