சிலம்பாயியின் பரிசலில் ஏறிய படபடா

முன்னொரு காலத்திலே, மூங்கில்கள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலத்திலே, வேய்நாடு என்று ஒரு நாடு இருந்தது. மூங்கில் என்ன பேசியது என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் வெயிலைப் பற்றிய புகார்தான். நம் கதை மூங்கிலைப் பற்றியது இல்லை, மூங்கிலால் பின்னிய ஒரு பரிசலைப் பற்றியது.

வேய்நாட்டின் நடுவே சுழியாறு ஓடியது. பெயருக்கு ஏற்ற ஆறு. நடு ஆற்றில் ஒரு பெரிய சுழி உண்டு. அந்தச் சுழியைத் தாண்டிப் பரிசல் விடத் தெரிந்தவள் நாடு முழுக்க ஒருத்திதான். அவள் பெயர் சிலம்பாயி. துடுப்பைப் போட்டால் பாட்டு வரும், பாட்டு வந்தால் சிரிப்பு வரும். ஆற்றுக்கு இந்தக் கரையில் அவள் வீடு. அந்தக் கரையில் அவள் தங்கை மருதாயியைக் கட்டிக்கொடுத்த வீடு.

பரிசல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற வருகிறவரைப் பார்த்து, "எதுக்குப் போறே? ஏன் போறே?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். கல்யாணத்துக்குப் போகிறவனாக இருக்கட்டும், கடனுக்குப் பயந்து ஓடுகிறவனாக இருக்கட்டும், எல்லாருக்கும் சிலம்பாயி சொல்வது ஒன்றுதான்:

"ஏறு. நடுவுல உக்காரு. ஆடாதே."

அந்த வருஷம் மருதாயி பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம். அந்தக் கரையில் மருத்துவச்சி கிடையாது. இந்தக் கரையில்தான் மருத்துவச்சி அங்கம்மா இருந்தாள். அதனால் அக்காளும் தங்கையும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

"அக்கா, வலி கண்டதும் என் செவப்புச் சேலையை மூங்கில்ல கட்டி ஒசத்தச் சொல்றேன். பாத்ததும் அங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுவியா?"

"சேலை முழுசா விரியறதுக்குள்ள வந்துடுவேன், போடி" என்றாள் சிலம்பாயி.

வாக்குக் கொடுப்பது சுலபம். கேளுங்கள் அப்புறம் நடந்ததை.

ஒருநாள் காலையில், காற்று இல்லை, வெள்ளம் இல்லை, வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. சிலம்பாயி பரிசலைத் தண்ணீரில் இறக்கினாள். அப்போது கரையிலிருந்து எதுவோ ஒன்று துள்ளி அவள் மார்பில் ஏறி உட்கார்ந்தது. அணில் அளவுதான். சாம்பல் நிறம், ஈர மூக்கு, அகலக் காது. உட்கார்ந்ததும், பட பட பட என்று நடுங்கியது. அது நடுங்க, அவள் நெஞ்சும் பட பட பட என்று அடித்தது. கை வியர்த்தது. துடுப்பு நழுவியது.

அது எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. யாரும் ஏவிவிடவில்லை, எந்தப் பாவமும் துரத்தவில்லை. வந்தது, அவ்வளவுதான். அதன் பெயர் படபடா என்று மட்டும் தெரியும். அது யார்மேல் ஏறியதோ, அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அங்கேதான் சிலம்பாயி தவறினாள். ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியவள், ஒருவரிடமும் கேட்காததை அதனிடம் கேட்டுவிட்டாள்.

"ஏன் வந்தே?"

பாவம், படபடாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத பயத்தில் இன்னும் நடுங்கியது. நடுங்கி நடுங்கிப் பூனை அளவுக்கு வளர்ந்துவிட்டது.

சிலம்பாயி பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "உனக்கு என்னடி கொறச்சல்? கை காலு நல்லாத்தானே இருக்கு. ஏன் இப்படிப் பயப்படறே?" சிலம்பாயி குனிந்து மார்பில் இருந்ததைப் பார்த்து, "ஏன் வந்தே?" என்றாள். அது ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது.

வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "உடம்புல ஒண்ணுமே இல்லையே. அப்புறம் ஏன் பயம்?" என்றார். சிலம்பாயி மறுபடி அதைப் பார்த்து, "ஏன் வந்தே?" என்றாள். அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது.

பரிசல் ஓடாததால் நாடே மலையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ராஜாவின் பல்லக்கும் மலையைச் சுற்றியது. ராஜாவுக்குக் கோபம். நேராக அவள் வாசலில் பல்லக்கை இறக்கச் சொல்லி, மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டார்.

"பெண்ணே! புலியா வந்தது? பூதமா வந்தது? பயப்பட இங்கே என்ன இருக்கிறது? எதற்குப் பயப்படுகிறாய்?"

அவளுக்கு அழுகையாக வந்தது. புலி வந்திருந்தால்கூடச் சொல்ல ஒரு பெயராவது இருந்திருக்குமே! "தெரியலீங்க மகாராஜா" என்றாள். ராஜா போனபின், "ஏன் வந்தே, ஏன் வந்தே?" என்று அதனிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். இப்போது அது எருமை அளவுக்கு இருந்தது. எருமையை மார்பில் வைத்துக்கொண்டு யாரால் சோறு தின்ன முடியும், யாரால் தூங்க முடியும்?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மாயக்காரன் செஞ்சடையன். கையில் ஒரு சுரைக்குடுக்கை, இன்னொரு கையில் சாம்பல். போகிற இடமெல்லாம் தன் காலைச் சுற்றி ஒரு சாம்பல் வட்டம் போட்டுக்கொண்டு, அதற்குள்தான் நிற்பான்.

"நான் ஏன் என்று கேட்க மாட்டேன். விரட்டித் தருகிறேன்" என்றான். "உன் பாட்டை எனக்குக் கொடு. ஆற்றங்கரையில் ஒரு கோடு போடுகிறேன். நீ அந்தக் கோட்டைத் தாண்டாத வரைக்கும் அது உன்னிடம் வராது."

சிலம்பாயி பாட்டைக் கொடுத்தாள். குடுக்கை அதை மடக்கென்று விழுங்கியது. செஞ்சடையன் கோடு போட்டான். அடடா, நெஞ்சு லேசாகிவிட்டது! கோட்டுக்கு அந்தப் பக்கம் படபடா நின்றது, இந்தப் பக்கம் அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். ஆற்றுக்குத்தானே போகக் கூடாது, தெரு இருக்கிறதே என்று நினைத்தாள்.

சில நாளில் படபடா கோட்டைத் தாண்டித் தெருவில் வந்து நின்றது. மறுபடி மாயக்காரன் வந்தான். "உன் சிரிப்பைக் கொடு. வாசலில் கோடு போடுகிறேன்." கொடுத்தாள். குடுக்கை மடக்கென்று விழுங்கியது. நெஞ்சு லேசாயிற்று. தெருவுக்குத்தானே போகக் கூடாது, வீடு இருக்கிறதே என்று நினைத்தாள்.

சில நாளில் படபடா வாசல் கோட்டையும் தாண்டி அடுப்படியில் வந்து நின்றது. மூன்றாம் முறை மாயக்காரன் வந்தான். "கட்டிலைச் சுற்றிக் கோடு போடுகிறேன். அப்புறம் உனக்கு ஒரு தொல்லையும் இல்லை. உன் துடுப்பைக் கொடு."

சிலம்பாயி மூலையில் இருந்த துடுப்பை எடுத்தாள். நீட்டவும் நீட்டினாள். மாயக்காரனின் விரல் அதைத் தொடப் போன நேரத்தில், திறந்திருந்த சன்னல் வழியே அவள் கண் அக்கரைக்குப் போயிற்று.

அங்கே, மூங்கில் உச்சியில், சிவப்புச் சேலை பறந்துகொண்டிருந்தது.

"மருதாயி!" என்றாள்.

துடுப்பை மார்போடு சேர்த்துக்கொண்டாள். செஞ்சடையன் பதறினான். "வாசல் கோட்டைத் தாண்டாதே! தாண்டினால் உன் நெஞ்சு வெடித்துவிடும்! செத்துப்போவாய்!"

உண்மையாகவே வெடித்துவிடும் போலத்தான் இருந்தது. அடுப்படியில் நின்ற எருமை அளவு படபடா முந்திக்கொண்டு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதை விரட்ட முடியாது. கொல்ல முடியாது. அது போகும்வரை காத்திருக்கலாம் என்றால் அக்கரையில் தங்கை காத்திருக்க மாட்டாள். சிலம்பாயி அதன் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். மூக்கு ஈரமாக இருந்தது. கண் மிரண்டிருந்தது. துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து விழிப்பார்களே, அதே முழி. அவள் வாயில் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

"நான் ஆத்துக்குப் போறேன். வர்றதுன்னா வா. ஏறு. நடுவுல உக்காரு. ஆடாதே."

படபடா காதை நிமிர்த்தியது. ஏன் என்று கேட்காமல் அதனிடம் பேசியவர் அதுவரை யாருமில்லை. மெல்ல விலகி வழிவிட்டது.

சிலம்பாயி வாசல் கோட்டை மிதித்தாள். நெஞ்சு வெடிக்கவில்லை. 'டப்' என்று வெடித்துக் கீறல் விட்டது மாயக்காரனின் குடுக்கைதான்.

அங்கம்மாவைத் தேடி ஓடினாள். பின்னாலேயே படபடாவும் ஓடியது. அங்கம்மா மருந்துப் பையோடு வந்து பரிசலைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சிலம்பு, எனக்குத் தண்ணின்னா ஆகாது, உனக்கே தெரியும். உன் கையி வேற நடுங்குதே?"

"நடுங்குதுதான் அங்கம்மாக்கா. நடுங்கற கையாலயே தள்றேன். ஏறுங்க."

"சரி சரி. எனக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் வயித்தைப் பெசையத்தான் செய்யுது. பெசையட்டும்னு விட்டுட்டு வேலையப் பாக்கறேன்" என்று கண்ணைத் திறக்காமலே ஏறினாள்.

கரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் பரிசல் நகர்ந்தது. குடுக்கையில் இரண்டாவது கீறல் விழுந்தது. நடுவில் படபடா உட்கார்ந்திருந்தது. எருமை உட்கார்ந்தால் பரிசல் முங்கியிருக்க வேண்டும். முங்கவில்லை. அதற்கு உடம்புதான் பெரிசு, எடை அணில் எடைதான் என்று அப்போதுதான் சிலம்பாயிக்குத் தெரிந்தது.

நடு ஆற்றில் சுழி பிடித்துக்கொண்டது. பரிசல் கிறுகிறுவென்று சுற்றியது. படபடா நடுங்கியது, அவள் நெஞ்சு பட பட பட என்று அடித்தது. பரிசல் தெரியாதவர்கள் இந்த இடத்தில்தான் தோற்பார்கள். சுழிக்கு எதிராகத் துடுப்பைப் போட்டு மல்லுக்கட்டுவார்கள். மல்லுக்கட்டினால் பரிசல் கவிழும். சுற்றவிட வேண்டும். மூன்று சுற்று சுற்றி, சுழி தானாகப் பிடியை விடும். அந்த நேரத்தில் ஒரே ஒரு போடு போட்டால் வெளியே வந்துவிடலாம்.

"பயப்படாதேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் சிலம்பாயி படபடாவிடம். "பயமாத்தான் இருக்கும். மூணு சுத்து சுத்தும். அப்புறம் விட்டுடும். அதுவரைக்கும் சும்மா உக்காரு."

ஒரு சுற்று. நெஞ்சு தொண்டைக்கு வந்தது. சும்மா இருந்தாள்.

இரண்டாம் சுற்று. அங்கம்மா எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சிலம்பாயி சும்மா இருந்தாள்.

மூன்றாம் சுற்று. சுழி பிடியை விட்டது. நெஞ்சும் கொஞ்சம் பிடியை விட்டது. போட்டாள் ஒரு போடு! பரிசல் சுழியை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இக்கரையில் குடுக்கை சுக்குநூறாகச் சிதறியது. உள்ளே கிடந்த பாட்டு தண்ணீருக்கு மேலே பறந்து வந்து சிலம்பாயியின் வாயில் ஏறிக்கொண்டது. செஞ்சடையன் தன் சாம்பல் வட்டத்துக்குள்ளேயே நின்று கத்தினான். குடுக்கை போனபின் அதைத் தாண்ட அவனுக்குத் தைரியம் இல்லை. இப்போதும் அங்கேதான் நிற்கிறான் என்கிறார்கள். நிற்கட்டும்.

அக்கரை வந்ததும் படபடா தானாக இறங்கியது. பார்த்தால், பழையபடி அணில் அளவு. திரும்பிப் பார்த்து ஈர மூக்கை ஒரு தடவை சுளித்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

மருதாயி வியர்வையில் நனைந்து கிடந்தாள். "சேலை எப்பவோ விரிஞ்சுடுச்சு. ஏன்க்கா இவ்ளோ..." என்று ஆரம்பித்தவள், அக்காளின் நடுங்கும் கையைப் பிடித்ததும் நிறுத்திக்கொண்டாள். அவளும் பரிசல்காரர் வீட்டுப் பெண்தானே. "வந்துட்டேல்ல, அது போதும்" என்றாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அது வீறிட்டு அழுத அழுகையைக் கேட்டுச் சிலம்பாயி சிரித்தாள். தொலைந்த சிரிப்பும் வந்துவிட்டது பாருங்கள்.

செய்தி அரண்மனைக்குப் போயிற்று. ராஜா புதுப் பரிசல் ஒன்று செய்யச் சொல்லி, பட்டுச் சேலையும் எடுத்துக்கொண்டு தாமே துறைக்கு வந்தார். மந்திரிகளைக் கரையில் நிறுத்திவிட்டுத் தனியாகப் பரிசல் அருகே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பெண்ணே, அன்று உன்னை அப்படிக் கேட்டது தவறு. படபடா போய்விட்டதா? இனி வரவே வராதா?"

"எப்பவாச்சும் வரும் மகாராஜா. ஏறி உக்காரும். எறங்கிப் போயிடும்."

ராஜா சிரிக்க முயன்றார். வரவில்லை. அப்போதுதான் சிலம்பாயி கவனித்தாள். ஒருமுறை படபடாவை ஏற்றி இறக்கியவர்களுக்கு மற்றவர் படபடாவும் தெரியும் போலிருக்கிறது. ராஜாவின் பட்டு அங்கவஸ்திரத்துக்கு அடியில், யானைக்கன்று அளவுக்கு ஒன்று, அகலக் காதை மடக்கிக்கொண்டு, பட பட பட என்று நடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாய் அதைச் சுமந்துகொண்டு அந்த மீசையை முறுக்கினாரோ!

சிலம்பாயி ஒன்றும் கேட்கவில்லை. பரிசலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினாள்.

"ஏறுங்க மகாராஜா. அதையும் நடுவுல உக்கார வையுங்க."

ராஜாவின் கண் நிறைந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார். துடுப்பு விழுந்தது, பாட்டு எழுந்தது. கதை அக்கரை சேர்ந்தது. கேட்டவர்களும் பத்திரமாக இறங்கிக்கொள்ளுங்கள்.